லேபிள் இல்லாத பொட்டலமும் நம் பொறுப்பும்

ஆலங்குடிப் பக்கத்துக் கடலை நமக்கு வியாபாரச் சரக்கு. சில குழந்தைகளுக்கோ அதில் ஒரு துணுக்குப் பட்டாலும் உதடு வீங்கும், தடிப்பு எழும்பும், மூச்சுத் திணறும். உயிருக்கே ஆபத்தாவதும் உண்டு. பால், முட்டை, கோதுமை, மீன், இறால், சோயா, முந்திரி ஆகியவையும் சிலருக்கு இப்படி ஒவ்வாமை தரும். வறுத்தாலும் கடலையின் அந்தக் குணம் போகாது.

இவை சேர்ந்த பாக்கெட்டில் அதைத் தனியே குறிப்பிட வேண்டும் என்பது மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதி. ஆனால் நாம் சில்லறையாகக் கட்டும் பொட்டலத்தில் லேபிள் ஏது? பெற்றோர் நம் வாய்ச்சொல்லை நம்பித்தான் வாங்குகிறார்கள். ஆகவே வணிகப் பெருமக்கள் கவனிக்க வேண்டியவை:

1. கடலை அள்ளிய டப்பாவால் பொட்டுக்கடலை அள்ள வேண்டாம்.

2. கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு அல்லது மைதா சேர்ப்பது வழக்கம். கேட்பவருக்கு டப்பாவைப் படித்துச் சொல்லவும்.

3. கோதுமை அரைத்த மெஷினிலேயே கேழ்வரகையும் அரைத்தால் மாவு கலந்துவிடும். மில்லில் விசாரித்து வைக்கவும்.

4. பெட்டியைப் பிரித்துச் சில்லறையில் விற்கும்போது, சரக்கு தீரும்வரை அதன் லேபிளைப் பத்திரப்படுத்தவும்.

5. விவரம் தெரியாவிட்டால் "தெரியாது" என்றே சொல்லவும். "கொஞ்சம்தானே, ஒன்றும் செய்யாது" என்று சொல்லவே கூடாது. கடைப் பையனுக்கும் இதைப் பழக்கவும்.

எடை குறையாமல் நிறுப்பது போலவே, உள்ளதை உள்ளபடி சொல்வதும் வணிக நாணயம். அன்றைக்கு ஒரு பொட்டலம் விற்காமல் போகலாம். அந்த வீட்டார் நம் கடையை விட்டுப் போகமாட்டார்கள்.