ரெட்டை வால் சொல்லும் சொந்தம்

ஏரிக்கரையில் மேயும் ஆடு மாடு சிலதின் ஈரலில், இலை மாதிரி தட்டையாக ஒரு புழு இருக்கும். அதுதான் ஈரல்புழு. நத்தை உடம்பில் வளர்ந்து, புல்லில் ஒட்டிக்கிட்டு, மேயும்போது உள்ளே போகும். பன்றிக்கறி சரியா வேகலைன்னா நமக்கு வருவது நாடாப்புழு. இதுக்கு வாயும் கிடையாது, குடலும் கிடையாது. ஈரல்புழுவுக்கு ரெண்டும் உண்டு. ஆனாலும் இவை இரண்டும் சொந்தக்காரங்க! எப்படித் தெரியும்?

விந்தணுவைப் பார்க்கணும். மனித விந்தணுவுக்கு வால் ஒன்று. அதைக் குறுக்கே வெட்டி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் சுற்றி 9 ஜோடி நுண்குழல்கள், நடுவில் 2. ஈரல்புழுவின் விந்தணுவில் இரண்டு வால்! ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரே ஒரு தண்டு. விந்தணு உருவாகும்போது இரண்டும் தனித்தனியா வெளியே நீண்டு, பிறகு நடுப்பகுதியோட ஒட்டிக்கும். நீரில் சுதந்திரமாத் திரியும் பிளனேரியாவுக்கும் இதே ரெட்டை வால், இதே ஒற்றைத் தண்டு. அதாவது, இந்த ஒட்டுண்ணிகளின் மூதாதையர் ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்தவை. டி.என்.ஏ. ஆய்வும் இதையே சொல்கிறது.

பன்றி நாடாப்புழுவின் விந்தணுவுக்கு ஒரு வால்தான். தண்டு மட்டும் அதே ஒற்றை. வேறு சில நாடாப்புழுக்களுக்கு இன்னும் ரெண்டு வால் இருக்கு, அதனால இது ஒன்றை வழியில் தொலைச்சிடுச்சுன்னு புரியுது. அதோட, செல்லின் ஆற்றல் நிலையம்னு படிச்சோமே மைட்டோகாண்ட்ரியா, நாடாப்புழு விந்தணுவில் அதுவும் இல்லை!