பயனர் மாறினார், சூழல் மாறியதா?

வகுப்பாசிரியர் விடுப்பில் இருக்கும்போது வேறோர் ஆசிரியர் வகுப்புக்கு வருகிறார். ஆள் மாறினாலும் மேசைமேல் இருப்பது முன்னவரின் பாடக்குறிப்பேடுதான். லினக்ஸ் கணினியில் பயனரை மாற்றும்போதும் இப்படித்தான் நடக்கிறது. மேல்நிலை முதலாம் ஆண்டில் உபுண்டு கற்பிக்கும் நாம் இதை மாணவர்க்குச் செய்துகாட்டலாம்.

சூழல் மாறி என்பது பெயரும் மதிப்பும் கொண்ட சிறு குறிப்பு. 1979-இல் வெளிவந்த யூனிக்ஸ் 7-ஆம் பதிப்பு முதல் இது வழக்கில் உள்ளது. ஒரு மென்பொருள் தொடங்கும்போது இக்குறிப்புகளின் நகல் அதற்குக் கிடைக்கிறது. பயனரின் கோப்புறை எது என்பதை 'ஹோம்' சொல்லும். எந்த மொழி என்பதை 'லாங்' சொல்லும்.

செயல்பாடு

1. குறிஞ்சி, முல்லை என இரு பயனர் கணக்குகளை உருவாக்குங்கள்.
2. முல்லையின் 'புரொஃபைல்' கோப்பில் 'வகுப்பு' என்ற மாறிக்கு 12 என்று மதிப்பிட்டு 'எக்ஸ்போர்ட்' செய்யுங்கள்.
3. குறிஞ்சியின் முனையத்தில் அதே மாறிக்கு 11 என்று மதிப்பிட்டு 'எக்ஸ்போர்ட்' செய்யுங்கள்.
4. அங்கிருந்தே 'எஸ்யு முல்லை' என்று கட்டளையிட்டு, 'எக்கோ' மூலம் மதிப்பைப் பாருங்கள். 11 என வரும்.
5. 'எக்ஸிட்' கொடுத்து வெளியேறி, இடையில் சிறுகோடு சேர்த்து 'எஸ்யு - முல்லை' எனக் கட்டளையிடுங்கள். இப்போது 12 வரும்.

சிறுகோடு இல்லாதபோது 'ஹோம்' முல்லைக்கு மாறும். ஆனால் பிற மாறிகள் பல குறிஞ்சியுடையவையாகவே நீடிக்கும். அதனால் மென்பொருள் முல்லையின் கோப்புறையில், குறிஞ்சியின் மாறிகளோடு இயங்கக்கூடும். சிறுகோடு சேர்த்தால் பழைய மாறிகள் பெரும்பாலும் நீங்கி, முல்லையின் புரொஃபைல் புதிதாக வாசிக்கப்படும்.

ஆய்வகத்தில் கவனிக்க

உபுண்டு 19.10-க்கு முந்தைய பதிப்புகளில் 'சுடோ' கட்டளை, மாணவரின் 'ஹோம்' மதிப்பை மாற்றாமல் விட்டுவிடும். மாணவர் கணக்கிலிருந்து சுடோ வழியாக ஒரு மென்பொருளைத் திறந்தால், அவருடைய கோப்புறையிலேயே நிர்வாகிக்கு உரிய அமைவுக் கோப்புகள் உருவாகலாம். மறுநாள் அம்மாணவரால் தம் அமைவுகளைச் சேமிக்க முடியாது. கணினி பழுது என்று ஒதுக்கிவிட வேண்டாம். 'சவுன்' கட்டளையால் கோப்புகளின் உரிமையை மாணவருக்கே மாற்றினால் போதும்.

நிறைவாக மாணவரிடம் கேளுங்கள்: "கணினிக்கு நீ யார் என்று தெரியும். உன் சூழல் யாருடையது என்று உனக்குத் தெரியுமா?" விடையை 'பிரிண்ட்என்வ்' கட்டளையால் அவர்களே கண்டறியட்டும்.

– அரசுப் பள்ளி ஆசிரியர், வீரகேரளம்புதூர், தென்காசி மாவட்டம்