பெற்றதைத் தின்னும் மீன்

கேள்வி: ஈராண்டுகளுக்கு முன் ஆறு ஏஞ்சல் மீன்கள் வாங்கினேன். அவற்றில் இரண்டு ஜோடி சேர்ந்து, என் 100 லிட்டர் தொட்டியில் ஃபில்டர் குழாயின்மேல் மூன்று முறை முட்டையிட்டன. மூன்று முறையும் மறுநாள் இரவுக்குள் தாமே தின்று தீர்த்தன. பெற்றதைத் தின்னும் மீன் வீட்டுக்கு ஆகாது என்கிறார் என் மாமியார். நான்காம் முறை பொரிந்த குஞ்சுகளில் நாற்பதை ஒரு கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றி, அவித்த முட்டையின் மஞ்சள் கருவைக் கரைத்து ஊட்டினேன். நீந்தத் தொடங்கிய மூன்றாம் நாள் ஒன்றும் மிஞ்சவில்லை. எங்கே பிழை?
— வாசகி ஒருவர், கும்பகோணம்

பதில்: தங்கள் மாமியாரின் அச்சத்துக்கு முதலில் சமாதானம் சொல்லிவிடுகிறேன். முட்டையிட்டதோடு கடமை முடிந்ததென்று நீந்திப் போய்விடும் மீன்களே உலகில் மிகுதி. ஏஞ்சல் சேர்ந்த சிக்லிட் குடும்பமோ (கேரளத்தார் வாழையிலையில் பொரித்துண்ணும் கரிமீனும் இக்குடும்பமே) சிசு ரக்ஷணைக்குப் பேர்போனது. தாயும் தந்தையும் முறைவைத்து முட்டைகளுக்குச் செட்டையால் விசிறுவதையும், பூஞ்சணம் பிடித்து வெளுத்ததை மட்டும் பொறுக்கி எடுப்பதையும் அவர் ஒருமுறை அருகிருந்து பார்த்தாரானால் கருத்தை மாற்றிக்கொள்வார். இளம் ஜோடிகள் அனுபவமின்மையாலும், திடீரென்று விளக்கை அணைப்பது, கண்ணாடியைத் தட்டுவது போன்ற நம் உபத்திரவங்களால் மிரண்டும் முட்டையைத் தின்பதுண்டு. பெரும்பாலானவை நாலைந்து ஈட்டுக்குள் திருந்திவிடும்.

ஆனால் குஞ்சுகள் மாண்டது மீனின் குற்றமன்று. மஞ்சள் கருவின் குற்றம். அந்தப் பாவத்தை நானும் செய்திருக்கிறேன். ஆரம்ப நாட்களில், பட்டினி கிடக்கின்றனவே என்ற பரிதாபத்தில் ஒரு சிட்டிகைக்கு இரண்டாகக் கரைத்து ஊற்றிவிட்டு உறங்கச் சென்றவன், விடியற்காலையில் பால்போல் வெளுத்து நாறும் ஜலத்தையும் அதன் அடியில் ஒரு சாம்பல் படலத்தையும் கண்டேன். படலம் என்று நான் எண்ணியது என் குஞ்சுகள். தின்னாத கரு அழுகி அம்மோனியாவாகிறது, சிறு கிண்ணத்தில் அது கலைந்துபோக இடமில்லை.

அடுத்த ஈட்டுக்கு இவ்வாறு செய்யுங்கள். மரச்சட்டம் கழற்றிய பழைய பள்ளிக்கூடச் சிலேட்டு ஒன்றை (தகரச் சிலேட்டு அன்று, கல் சிலேட்டு) குழாயருகே சாய்த்து வைத்தால், அனேகமாக அதையே பெண்மீன் தேர்ந்துகொள்ளும். முட்டையிட்டு முடிந்ததும், அதே தொட்டி நீர் நிரப்பிய 30 லிட்டர் தொட்டிக்குச் சிலேட்டை மாற்றி, முட்டைகளின்மேல் நேரே மோதாமல் பக்கத்தில் காற்றுக் குமிழிகள் எழும்படி வைத்து, நீர் இளநீலமாகும் அளவு, பூஞ்சணத்தைத் தடுக்கும் மெதிலீன் புளூ மருந்தைச் சொட்டுங்கள். உஷ்ணம் 28 டிகிரி இருக்கட்டும். மறுநாள் தேன்நிறமாகத் தெளிந்திருப்பவை உயிருள்ளவை, வெளுத்தவை கருவுறாதவை. அத்தனையும் வெளுத்தால், ஜோடியென்று நாம் கொண்டாடும் இரண்டும் பெண்ணாகவே இருக்கலாம். ஏஞ்சல்களில் இது அபூர்வமன்று.

இரண்டரை நாளில் பொரிந்து, தலையிலுள்ள பசையால் கல்லில் ஒட்டிக்கொண்டு வால் துடிக்கும் குஞ்சுகளுக்கு, வயிற்றிலுள்ள மஞ்சள்கருப் பையே அடுத்த நாலைந்து நாளைக்கு ஆகாரம். அதுவரை எதுவும் போடலாகாது. எழுந்து நீந்தத் தொடங்கிய அன்று அவற்றுக்கு வேண்டியது ஆர்ட்டீமியா என்னும் உயிருள்ள உப்புநீர் இறால் குஞ்சு. ஒரு லிட்டர் நீரில் 25 கிராம் கல்லுப்பைக் கரைத்து, கடையில் டப்பாவில் விற்கும் ஆர்ட்டீமியா முட்டையை அரைத் தேக்கரண்டி தூவி, வெளிச்சத்தில் ஒரு நாள் பலமாகக் காற்றோட்டினால் பொரிந்துவிடும். பிறகு காற்றை நிறுத்திச் சற்றுக் காத்திருந்தால் ஓடுகள் மிதக்கும், செம்மஞ்சள் தூசுபோன்ற உயிர்கள் அடியில் திரளும்; அவற்றைக் குழாயால் உறிஞ்சி, மெல்லிய துணியில் வடித்து, நன்னீரில் அலசி, சொட்டுக்குழாயால் குஞ்சுக் கூட்டத்தின் நடுவே விடுங்கள். கண்ணாடி போன்ற அந்த வயிறுகள் சில நிமிஷத்துக்குள் ஒவ்வொன்றாகச் செம்மஞ்சளாக நிறைவதைப் பார்க்கவே இந்தப் பிரயாசையெல்லாம் தகும். நன்னீரில் ஆர்ட்டீமியா சில மணி நேரமே உயிர் தரிக்குமாதலால், நாளைக்கு மூன்று நான்கு வேளை, கொஞ்சங் கொஞ்சமாகவே கொடுக்க வேண்டும்.

பெரிய தொட்டியில் பல வாரம் ஓடிப் பழகிய ஸ்பாஞ்சு ஃபில்டரைக் குஞ்சுத் தொட்டியில் இடுங்கள்; புது ஸ்பாஞ்சு பயன்படாது. அன்றாடம் கால்பங்கு நீரை, இரவெல்லாம் காற்றோட்டி வைத்து குளோரின் நீங்கிய, அதே உஷ்ணமுள்ள நீரால் மாற்றுங்கள். கழிவை ஏர் பம்பின் மெல்லிய குழாயால் ஒரு வெள்ளைப் பேசினுக்குள் இறக்கினால், தவறி வந்த குஞ்சு கறுப்புப் புள்ளியாகத் தெரியும். எடுத்துத் திரும்ப விடலாம்.

மூன்று நான்கு வாரத்தில் அவை செட்டை நீண்டு ஏஞ்சல் உருவெடுக்கும். அதற்குள் இருநூறு மீனுக்கு இடம் கொடுக்கவல்ல உறவினரைத் தேடிக்கொள்வது தங்கள் பொறுப்பு. ஈடு இழந்த ஜோடி பத்துப் பதினைந்து நாளில் மறுபடியும் முட்டையிடும். ஆகவே சிலேட்டைத் தேட இன்றைக்கே பரணில் ஏறலாம்.