நீலத் திரை வந்தால் அழித்துவிடாதீர்கள்!



போன சாரல் சீசன்ல எங்க சித்தப்பா லேப்டாப் அப்டேட் ஆகி முடிஞ்சதும் நீலத் திரை காட்டி 48 இலக்க எண் கேட்டது. ஐந்தருவியில் ஆச்சியோடு எடுத்த கடைசி போட்டோ அதுக்குள்ளதான் இருக்கு. கடைக்காரர், "டிஸ்க் கெட்டுப்போச்சு, ஃபார்மேட் பண்ணிரலாம்" என்றார். சித்தி அழுதே விட்டார்.

ஆனால் டிஸ்க் கெடவில்லை, பூட்டித்தான் இருந்தது! விண்டோஸில் பிட்லாக்கர் என்றொரு பூட்டு உண்டு. டிஸ்கில் உள்ளதை எல்லாம் யாருக்கும் புரியாதபடி மாற்றி வைக்கும். அதைத் திறக்கும் சாவியை டிபிஎம் என்ற சிறு சிப் காக்கிறது. கணினி ஆன் ஆகும்போது தொடக்கப் பகுதி பழையபடி இருந்தால்தான் சாவி தரும். அப்டேட்டில் அது மாறிவிட்டால் சில சமயம் தராது. மொட்டை போட்டு வந்த பேரனைத் தாத்தா "யாருல நீ?" என்று வாசலிலேயே நிறுத்துகிற மாதிரி!

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் தவறான அப்டேட்டால் உலகில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். கணினிகளைச் சரிசெய்யப் போனால், பிட்லாக்கர் போட்டவை பல இதே 48 இலக்கத்தைக் கேட்டன.

அந்த எண் பெரும்பாலும் நம் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். வேறு போனில் அதே மின்னஞ்சலைக் கொடுத்து நுழைந்து பார்க்கலாம். சிலர் அச்செடுத்தோ பென் டிரைவிலோ வைத்திருப்பார்கள். எங்கேயும் இல்லையென்றால் மைக்ரோசாஃப்டாலும் திறக்க முடியாது. அவசரப்பட்டு ஃபார்மேட் பண்ணிவிட்டால், பிறகு எண் கிடைத்தும் பயனில்லை.

சித்தி போனில் தேடியதில் எண் கிடைத்தது. ஆச்சி போட்டோவும் வந்தது. இப்போ அந்த எண் ஒரு நோட்டில், ரேஷன் கார்டோடு பீரோவில் இருக்கு.