வெப்பநிலைமானி சரியாகக் காட்டுகிறதா?

மின்கெண்டியில் கொதித்த நீரின் வெப்பநிலையை டிஜிட்டல் வெப்பநிலைமானியில் பார்த்து, எட்டாம் வகுப்பு மாணவி 101.5 டிகிரி செல்சியஸ் என்று எழுதினாள். "புத்தகத்தில் 100 தானே?" என்று நான் அதைத் திருத்த வைத்தேன். தவறு என்னுடையது. மறுநாள் கருவியையே சோதித்தோம்.

செயல்பாடு 1: நொறுக்கிய பனிக்கட்டியில் சிறிது நீர் சேர்த்துக் கலக்கி, உணரி முனையை நடுவில் வைத்து 3 நிமிடம் காத்திருந்தோம். 0 காட்ட வேண்டிய கருவி 2 காட்டியது.

செயல்பாடு 2: கொதிநீரில், கெண்டியின் அடிப்பகுதியைத் தொடாமல் முனையை வைத்தேன். (இதை ஆசிரியரே செய்ய வேண்டும்.) மீண்டும் 101.5.

கடல் மட்டத்தில் நீர் 100 டிகிரியில் கொதிக்கும். ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு 1 டிகிரி குறையும். தென்காசி, குற்றாலம் பகுதி சுமார் 150 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இங்கே கொதிநிலை ஏறக்குறைய 99.5, ஊட்டியிலோ 93ஐக்கூட எட்டாது.

ஆக, இரு நிலையிலும் கருவி 2 டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது. அளவீட்டில் 2ஐக் கழித்தால் போதும். இரு பிழைகளும் வேறுபட்டால், இரு புள்ளிகளையும் வரைபடத்தாளில் குறித்து நேர்கோடு வரைந்து திருத்தலாம். கணிதப் பாடத்துக்கும் உதவும்.

மாணவியின் குறிப்பேட்டில் 101.5ஐ மீண்டும் எழுதச் சொன்னேன். கருவியின் மேல் ‘2 கழிக்கவும்’ என்று அவளே சீட்டு ஒட்டினாள்.