கடலைப் பார்த்தாலும் கணக்குத்தான் ஓடுகிறது

கேள்வி: எனக்கு 47 வயது. வெள்ளவத்தையில் தொடர்மாடியொன்றில் இருக்கிறோம். கணக்காளர் அலுவலகத்தில் வேலை. மகனுக்கு இந்த வருஷம் ஏ.எல். சோதனை, மாமிக்குக் களுபோவில கிளினிக், ஊர்க் காணி விஷயமாகக் கனடாவிலிருந்து அண்ணா என்று எல்லாம் என் தலையில்தான். ஒரே பக்கத்தை மூன்றுதரம் பார்த்தாலும் மனதில் ஏறுவதில்லை. மரைன் டிரைவில் நடந்தாலும் கடல் கண்ணில் படுவதில்லை. தியானம் செய்யச் சொல்கிறார்கள். கண்ணை மூடினால் இன்னும் கூடுகிறது. விசர் பிடித்துவிடுமோ?
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: விசரெல்லாம் பிடிக்காது, பயப்படாதீர்கள். உங்கள் கடிதத்தில் உள்ள அலுவல்களில் ஒன்றுகூட முடிந்த அலுவல் இல்லை. சோதனை, கிளினிக், காணி மூன்றும் பாதியில் நிற்கின்றன. பாதியில் நிற்கிற அலுவல் சும்மா இருக்காது, வேறு வேலை பார்க்கும்போது வந்து சட்டையைப் பிடித்து இழுக்கும்.

2011ஆம் ஆண்டு மசிக்கம்போ, பௌமைஸ்டர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் இதை ஆராய்ந்தார்கள். முடியாத அலுவலை நினைத்தபடி வாசிக்க உட்கார்ந்தவர்களுக்கு, உங்களைப் போலவே, வாசிப்பில் மனம் நிற்கவில்லை. அந்த அலுவலை எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டமிட விட்டதும் தொந்தரவு அடங்கிவிட்டது. அலுவலை முடிக்கக்கூட இல்லை, திட்டமிட்டதோடு சரி!

ஆகவே ஒரு சீஆர் கொப்பி வாங்குங்கள். படுக்கப்போகுமுன் ஐந்து நிமிஷம் எழுதுங்கள். 'மாமி கிளினிக்' என்று எழுதினால் போதாது, அது வெறும் தலைப்பு. 'செவ்வாய் இரவு, கிளினிக் கொப்பியையும் மருந்துத் துண்டையும் பையில் வைக்க வேண்டும்' என்று எழுதுங்கள். அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் 57 பேரை வைத்துச் செய்த ஆய்வில் (2018), செய்யவேண்டியதை இப்படி ஐந்து நிமிஷம் எழுதியவர்கள், செய்து முடித்ததை எழுதியவர்களைவிட ஏறக்குறைய ஒன்பது நிமிஷம் முந்தி நித்திரையானார்கள். விபரமாக எழுத எழுத நித்திரையும் சுறுக்காக வந்தது.

எழுதும்போது ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது யாருடைய அலுவல் என்றும் போடுங்கள். உங்கள் பெயர் எத்தனை இடத்தில் வரும் என்று எனக்குச் சந்தேகம். ரியூஷன் நேரங்களை மகனே பார்த்துக்கொள்ளட்டும், அவனுக்கு வயது வந்துவிட்டது.

தியானம் பிழையென்று சொல்லமாட்டேன். ஆனால் கடைக்குள் ஆட்கள் நிற்கும்போதே கதவைச் சாத்தினால் சத்தம் உள்ளுக்குள்தானே எதிரொலிக்கும்? முதலில் கொப்பி, தியானம் ஒரு மாதம் கழித்து.

இன்னொன்று. இந்த வயதில் மாதவிடாய் மாற்றம், தைரொயிட் குறைபாடு, இரத்தச்சோகை எல்லாமே மறதியையும் நித்திரைக் குழப்பத்தையும் தரும். ஒருக்கால் இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். நித்திரையின்மையோடு எதிலும் பிடிப்பில்லாத தன்மையும் இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் கொப்பியை நம்பியிருக்க வேண்டாம், வைத்தியரிடம் போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

அண்ணாவின் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே இரவு பத்து மணி என்றால் டொரொன்டோவில் பகல். அவர் சாப்பாட்டு இடைவேளையில் காணிக் கதையைத் தொடங்குவார், நீங்கள் அதை நித்திரைக்குள் கொண்டுபோவீர்கள். ஞாயிறு காலை ஏழு மணிக்கு மட்டும் கதைப்போம் என்று சொல்லிவிடுங்கள், அங்கே அப்போது சனி இரவுதான். முதல் கிழமை கோபிப்பார். கோபிக்கட்டும், காணி எங்கேயும் ஓடிவிடாது. மரைன் டிரைவுக்குப் போகும்போது போனையும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.