முகில்மேல் ஒரு பச்சைக் கோடு

நுழையும்முன்

கரியமில வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. அறிக்கைகளிலும் அட்டவணைகளிலும் எண்ணாக மட்டுமே வாழும் அதனை ஏரிக்கும் தெருவுக்கும் வானுக்கும் கொண்டுவந்து, மக்கள் கண்முன் நிறுத்திய கலைஞர்கள் சிலரின் பணிகளை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறத்தாழ முக்கால் கிலோ. அது எரிந்து முடிந்தபின் காற்றில் சேரும் கரியமில வாயுவின் எடையோ ஏறத்தாழ 2.3 கிலோ. எரிந்த பொருளைவிட விளைந்த வாயு மும்மடங்கு கனப்பது எங்ஙனம் என்னும் ஐயம் எழுவது இயல்பே. எரிபொருளிலுள்ள கார்பன் அணு ஒவ்வொன்றும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்துக்கொள்கிறது. 12 என்னும் நிறையோடு 32 சேர்ந்து 44 ஆகிறது. கணக்கு எளிது. ஆயினும், வண்டியோட்டிச் செல்பவர், லிட்டருக்கு ஆயிரம் லிட்டருக்கும் மேற்பட்ட வாயுவைத் தமக்குப் பின்னால் விட்டுச்செல்வதை உணர்வதில்லை. ஆற்றில் கழிவு கலந்தால் கண் காண்கிறது; தெருவில் குப்பை குவிந்தால் மூக்கு அறிகிறது. இவ்வாயுவோ ஐம்புலன்களுக்கும் அகப்படாமல் நழுவிவிடுகிறது.

2009ஆம் ஆண்டு டிசம்பரில் ஐக்கிய நாடுகள் அவையின் காலநிலை மாநாடு டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில் கூடியது. அவ்வேளையில் நகரிலுள்ள ஏரியொன்றின் நீர்ப்பரப்பில் பெரியதொரு கனசதுரம் எழுந்து நின்றது. அதன் நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் 8.2 மீட்டர், ஏறத்தாழ மூன்று மாடிக் கட்டட அளவு. ஒரு டன் கரியமில வாயு இயல்பான காற்றழுத்தத்தில் அடைத்துக்கொள்ளும் இடம் அவ்வளவே. தொழில்வளம் மிக்க நாட்டில் வாழும் ஒருவர் ஏறத்தாழ ஒரு மாதத்தில் வெளியிடும் அளவும் அதுவே. கலைஞர் அல்ஃபியோ பொனானோவும் கட்டடக் கலைஞர் கிறிஸ்தோஃப் கோர்னுபேரும் இதனை வடிவமைத்தனர். 'டன்' என்னும் சொல்லுக்கு உருவம் கிடைத்தது. எனினும், கரையில் நின்றவர்கள் பார்வையாளர்களாகவே இருந்தனர். அவர்கள் எது செய்தாலும் செய்யாவிடினும் அக்கனசதுரம் கூடவோ குறையவோ போவதில்லை.

இக்குறையை ஏறத்தாழ ஈராண்டுகளுக்கு முன்னரே வேறொரு நகரம் கடந்திருந்தது. பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியில் சல்மிசாரி என்னும் அனல்மின் நிலையம் உள்ளது. நிலக்கரியை எரித்து மின்சாரத்தையும், வீடுகளைச் சூடாக்கும் வெந்நீரையும் ஒருங்கே வழங்கிவந்த நிலையம் அது. அதன் உயர்ந்த புகைபோக்கியிலிருந்து குளிர்கால வானில் எழும் வெண்முகிலை அருகிலுள்ள ருவோஹோலாத்தி பகுதி மக்கள் நாள்தோறும் கண்டுவந்தனர். கண்டனர் என்பதைவிட, கண்டு பழகிக் காணாதவராயினர் என்பதே பொருந்தும்.

ஹெலன் எவன்ஸ், ஹெய்கோ ஹான்சன் என்னும் கலைஞர் இருவர் 2008 பிப்ரவரி இறுதியில் அம்முகிலையே தம் ஓவியத்திரை ஆக்கினர். நொடிதோறும் உருமாறும் முகிலின் விளிம்பை வெப்பப் படக்கருவி கண்காணித்தது. ஆற்றல் மிக்க பச்சை லேசர் ஒளி அவ்விளிம்பைத் தொடர்ந்து வரைந்தது. அப்பகுதியின் மின்நுகர்வுக் கணக்கு உடனுக்குடன் அக்கருவிக்கு வந்துசேர்ந்தது. நுகர்வு குறையக் குறையப் பச்சை வடிவம் பெரிதாகும். நுகர்வு கூடினால் அது சுருங்கும். பிரெஞ்சு மொழியில் 'பச்சை முகில்' எனப் பொருள்படும் 'நுவாஜ் வேர்' என்பது இப்படைப்பின் பெயர்.

பிப்ரவரி 29ஆம் நாள் மாலை, ஒரு மணி நேரம் மின்கருவிகளை அணைத்துவைக்குமாறு மக்கள் வேண்டப்பட்டனர். ஏறத்தாழ 4000 பேர் பங்கேற்றனர். மின்சுமை ஏறத்தாழ 800 கிலோவோல்ட் ஆம்பியர் அளவு குறைந்தது. வீட்டுக்குள் ஒரு விசை அணைந்ததன் விளைவு வெளியே வானில் வளர்ந்தது. நிலையத்தின் உற்பத்தித் திறனோடு ஒப்பிட்டால் இது சிறு அளவே. ஆனால், மின்கட்டணச் சீட்டு வாரங்கள் கழித்துச் சொல்லும் செய்தியை வானம் அந்த நேரத்திலேயே சொன்னது. தனியொருவருக்கன்றி ஊர் முழுமைக்கும் சொன்னது.

இப்படைப்பில் இடறும் இடமொன்றும் உண்டு. புகைபோக்கியின்மேல் கண்ட வெண்முகில் பெரும்பாலும் நீராவியே. கரியமில வாயு அதனூடே கண்ணுக்குப் புலப்படாமலேயே சென்றது. மேலும், முகில் பெரிதாவது நன்மையின் அடையாளம் என்பது மனத்தின் இயல்பான எதிர்பார்ப்புக்கு மாறானது. விளக்கம் கேளாத வழிப்போக்கர் எவரும் அதனைப் பெருகும் மாசு என்றே கருதியிருப்பர். விதியை ஊரார் அறிந்திருந்ததால்தான் அக்கோடு பொருள் பெற்றது. சமூகக் கலை என்னும் பெயருக்கு இப்படைப்பு உரியதாவதும் இதனாலேயே. (சல்மிசாரி நிலையம் நிலக்கரி எரிப்பதை 2025இல் கைவிட்டது. அதனைப் பச்சை முகிலின் வெற்றியாகக் கொள்ளல் மிகைக்கூற்றாகும்.)

உமிழ்வைக் காட்டாமல், அது கொணரும் விளைவைக் காட்டியவரும் உளர். 2007இல் நியூயார்க் நகரின் புரூக்ளின், கீழ் மன்ஹாட்டன் பகுதிகளில் ஈவ் மோஷர் என்னும் கலைஞர், விளையாட்டுத் திடலில் எல்லைக்கோடு இடும் சுண்ணவண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார். கடல்மட்டத்திற்கு 10 அடி உயரத்தில் அமைந்த இடங்களை இணைத்து ஏறத்தாழ 110 கிலோமீட்டர் கோடு இட்டார். கடைவாயிலில் கோடு விழுந்ததும் கடைக்காரர் வெளியே வந்து காரணம் வினவுவார், உரையாடல் தொடங்கும். மழையில் அழியும் சுண்ணக்கோடு ஒரு சாக்கே; அவ்வுரையாடல்களே படைப்பு எனலாம். 2012 அக்டோபரில் சாண்டி புயல் தாக்கியபோது அக்கோட்டையொட்டிய பல பகுதிகளில் கடல்நீர் புகுந்தது.

கார்பனைக் காட்ட முற்படும் கலையே கார்பனை வெளியிடலாமா? ஓலாஃபர் எலியாசன் என்னும் கலைஞரும் மினிக் ரோசிங் என்னும் நிலவியலாளரும் இவ்வினாவை எதிர்கொள்ள நேர்ந்தது. கிரீன்லாந்துப் பனிப்படலத்திலிருந்து ஏற்கெனவே உடைந்து கடற்கழியில் மிதந்த பனிப்பாறைகளைக் குளிர்பதனப் பெட்டகங்களில் ஏற்றி, 2018 டிசம்பரில் இலண்டனுக்குக் கொணர்ந்தனர். தேம்சு ஆற்றங்கரையில் 24 பாறைகள் வைக்கப்பட்டன. போக்குவரத்தால் நேர்ந்த உமிழ்வையும் கணக்கிட்டு வெளியிட்டனர். அக்கணக்கு மறைக்கப்பட்டிருப்பின் படைப்பு தன் நேர்மையை இழந்திருக்கும். சிறுவர்கள் பாறைகளைத் தழுவினர். சிலர் செவியை வைத்துக் கேட்டனர். பனி உருகுகையில் உள்ளே நெடுங்காலம் அடைபட்டிருந்த காற்றுக்குமிழிகள் மெல்லிய ஒலியுடன் வெடித்தன. தொழிற்புரட்சிக்கு முந்தைய அக்காற்றில் கரியமில வாயு பத்து இலட்சத்தில் 280 பங்கிற்கு மேற்படாது. அது வந்து கலந்த இலண்டன் காற்றில் 400 பங்கிற்கும் மேல் இருந்தது.